குழாய் இல்லாத கழிவு: தௌப்போ ஏரி தரும் பாடம்

செம்பனை ஆலைகளை அடுத்து வாழ்ந்த தோட்டத்து மக்களுக்கு ஆற்று நீர் நிறம் மாறுவது புதிய செய்தியன்று. ஆலைக் கழிவு நேரே ஆற்றில் விழுந்த காலத்தையும், மீன்கள் செத்து மிதந்ததையும் முதியோர் பலர் மறந்திருக்க மாட்டார்கள். அக்கேட்டைத் தடுக்க நம் நாட்டில் 1977ஆம் ஆண்டில் விதிமுறைகள் இயற்றப்பட்டன. கழிவு நீரிலுள்ள அழுக்கைச் சிதைக்க நுண்ணுயிர்களுக்கு எவ்வளவு பிராணவாயு தேவைப்படுகிறது என்பதே அதன் அளவுகோல். 1978இல் லிட்டருக்கு 5000 மில்லிகிராம் என்றிருந்த வரம்பு, படிப்படியாக இறக்கப்பட்டு 1984இல் 100 மில்லிகிராமுக்கு வந்தது. இதனைச் செய்ய முடிந்ததற்கு ஓர் எளிய காரணம் உண்டு. ஆலைக்குக் கழிவுக் குழாய் இருந்தது. அதிகாரி அங்கே சென்று ஒரு போத்தலில் நீர் பிடித்துச் சோதித்தால் கழிவு யாருடையது என்பது விளங்கிவிடும்.

குழாயே இல்லாத கழிவை எவ்வாறு அளப்பது? யாரைப் பொறுப்பாக்குவது? இவ்வினாவிற்கு விடை தேடிய ஒரு வட்டார மன்றத்தின் கதையை இங்கே காண்போம்.

நம் வீடுகளில் தேநீருக்குக் கலக்கும் பால்மாவில் ஒரு பகுதி நியூசிலாந்திலிருந்து வருவது. கால்நடைகளை நம்பிப் பிழைக்கும் அந்நாட்டில் 1989ஆம் ஆண்டில் வட்டார மன்றங்கள் அமைக்கப்பட்டன. அவற்றின் எல்லைகள் பெரும்பாலும் ஆறுகளின் நீர்ப்பிடிப்புப் பகுதிகளைத் தழுவி வகுக்கப்பட்டன. ஆறு ஒருவரிடமும் அதன் கரை மற்றொருவரிடமும் இருந்தால் நிருவாகம் நடவாது என்பதை உணர்ந்த ஏற்பாடு அது. நிலம், நீர், காற்று, கடலோரம் ஆகியவற்றைக் கண்காணிக்கும் பொறுப்பை 1991ஆம் ஆண்டின் வள மேலாண்மைச் சட்டம் இம்மன்றங்களுக்கு அளித்தது. இம்மன்றங்களுக்கு உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கும் முறையை நீக்கி, நகரத் தலைவர்கள் அடங்கிய குழுக்களிடம் பொறுப்பை ஒப்படைக்கும் யோசனை ஒன்றை 2025 நவம்பரில் அந்நாட்டு அரசாங்கம் வெளியிட்டது. அது தனியே ஆராய வேண்டிய செய்தி.

வைக்காத்தோ வட்டார மன்றத்தின் எல்லைக்குள் இருப்பது தௌப்போ ஏரி. எரிமலை வெடித்துச் சரிந்த பள்ளத்தில் உண்டான இவ்வேரியின் பரப்பு 616 சதுர கிலோமீட்டர். சிங்கப்பூரின் பரப்பைவிடச் சற்றே குறைவு. அந்நாட்டிலேயே பெரிய ஏரி இதுவே. 425 கிலோமீட்டர் ஓடும் வைக்காத்தோ ஆறு இங்கிருந்து வெளியேறி, வழியில் பல மின் நிலையங்களை இயக்குகிறது. ஏரியின் தரைக்கு உரிமையாளர்கள் ஙாத்தி தூஃபாரெத்தோவா என்னும் மௌரி குலத்தினர்.

ஏரி நீர் எவ்வளவு தெளிவானது என்பதை அறியும் முறை மிக எளியது. ஒரு வட்டத் தட்டைக் கயிற்றில் கட்டி நீரில் இறக்குவார்கள். அது கண்ணிலிருந்து மறையும் ஆழமே தெளிவின் அளவு. 1994 முதல் ஏரியின் நடுவில் முறையாக எடுக்கப்பட்டு வந்த கணக்கில் தட்டு மறைந்த ஆழம் ஏறத்தாழ 15 மீட்டர். இத்துணைத் தெளிவு இருந்ததற்குக் காரணம் நைட்ரஜன், அதாவது நம் உரக்கிடங்குகளில் தழைச்சத்து என்று அறியப்படுவது, ஏரி நீரில் மிகக் குறைவாக இருந்தமையே. அது மிகுந்தால் பாசி பெருகும், நீர் கலங்கும்.

தழைச்சத்து எங்கிருந்து வந்தது? ஏரியைச் சூழ்ந்த புதர்க் காடுகள் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி முதல் மேய்ச்சல் நிலங்களாக மாற்றப்பட்டன. மாடும் ஆடும் சிறுநீர் விடும் இடத்தில் தழைச்சத்து செறிந்து விழுகிறது. அவ்வளவையும் புல் உறிஞ்ச இயலாது. எஞ்சியது மழையோடு எரிமலைச் சாம்பல் மண்ணில் இறங்கி நிலத்தடி நீரில் சேர்கிறது. மனிதர் முயன்றால் குறைக்கக்கூடிய தழைச்சத்தில் பத்தில் ஒன்பது பங்கு மேய்ச்சல் நிலங்களிலிருந்தே வருவதாக மன்றம் கண்டது. ஆலையின் குழாயைப் போல இதற்கு வாய் இல்லை. ஏரியைச் சுற்றியுள்ள நிலம் முழுவதுமே வாய்.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருந்தது. 1950, 1960களில் நடந்த அணுகுண்டுச் சோதனைகளால் மழை நீரில் டிரிட்டியம் என்னும் கதிரியக்கப் பொருள் கலந்தது. ஓடை நீரில் அதன் அளவைக் கொண்டு அந்நீர் மழையாய்ப் பெய்த காலத்தைக் கணிக்கலாம். அவ்வாறு கணித்தபோது, ஏரியில் விழும் ஓடைகள் சிலவற்றின் நீர் மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் தங்கி வந்தது என்று தெரிந்தது. ஆகவே அன்று ஓடையில் அளக்கப்பட்ட தழைச்சத்து, அன்றைய பண்ணையாளரின் செயல் மட்டும் அன்று. அவருடைய தந்தையின் காலத்ததும் அதில் இருந்தது. மந்தை பெருகிய பின்னர் மண்ணில் இறங்கியதோ இன்னும் ஏரிக்கு வந்து சேரவில்லை. தட்டு பத்து மீட்டரில் மறையும் நாள் வரை காத்திருந்தால், அதன்பின் எல்லா மாடுகளையும் அகற்றினாலும் ஏரி பல்லாண்டுகள் கெட்டுக்கொண்டே இருக்கும்.

ஆதலால் மன்றம் ஏரி கெடுவதற்கு முன்பே செயற்பட முனைந்தது. 2005இல் வெளியிடப்பட்ட திட்டம் சுற்றுச்சூழல் நீதிமன்றம் வரை சென்று, 2011இல் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. 2001 முதல் 2005 வரையிலான காலத்தில் ஒவ்வொரு பண்ணையிலிருந்தும் மிகுதியாகக் கசிந்த ஆண்டின் அளவே அப்பண்ணைக்கு உச்ச வரம்பு. அதற்கு மேல் மந்தையைப் பெருக்க விரும்புபவர் வரம்பிற்குள் இருப்பவரிடம் உரிமையை விலைக்கு வாங்க வேண்டும்.

இங்கே நியாயம் பற்றிய ஒரு வினா எழுந்தது. ஏற்கெனவே மிகுதியாகக் கசியவிட்டவருக்கு மிகுந்த உரிமை. நிலத்தைக் காடாகவே வைத்திருந்தவருக்கு ஏறத்தாழ ஒன்றும் இல்லை. பின்னாளில் பண்படுத்தலாம் என்று நிலத்தை விட்டுவைத்திருந்த மௌரி உரிமையாளர்களை இது தாக்கியது. ஏரியைக் கெடுக்காதவரே ஏரிக்காக இழக்கும் நிலை அது. இக்குறையை அத்திட்டம் முற்றும் தீர்த்துவிட்டது என்று நாம் கூறமாட்டோம்.

செலவுச் சுமை மட்டும் ஓரளவு செம்மையாகப் பகிரப்பட்டது. ஏரிக்குச் செல்லும் தழைச்சத்தில் ஐந்தில் ஒரு பங்கைக் குறைக்க 8 கோடி டாலர் அளவில் ஒரு நிதி அமைக்கப்பட்டது. மத்திய அரசாங்கம் 45 விழுக்காடும், வட்டார மன்றம் 33 விழுக்காடும், தௌப்போ மாவட்ட மன்றம் 22 விழுக்காடும் அளித்தன. அப்பணத்தைக் கொண்டு பண்ணையாளரிடமிருந்து கசிவுரிமைகள் வாங்கப்பட்டன. மேய்ச்சல் நிலங்கள் சில மரக்காடுகளாயின. 2015ஆம் ஆண்டுக்குள் ஆண்டுக்கு 170 டன் குறைப்பு என்னும் இலக்கு எட்டப்பட்டது.

எனினும் இந்த 170 டன்னை எவரும் தராசில் நிறுக்கவில்லை. மாடுகளின் எண்ணிக்கை, உரம், மண், மழை ஆகியவற்றை உள்ளிட்டுக் கணினி போட்ட கணக்கே அது. ஓவர்சீயர் எனப்படும் அக்கணிப்பு முறையை 2021இல் ஆராய்ந்த அரசாங்க நிபுணர் குழு, பண்ணை முறைகளை மாற்றுவதால் கசிவு கூடுகிறதா குறைகிறதா என்பதைச் சொல்ல அதனை நம்புவதற்கில்லை என்று தெரிவித்தது. போத்தலில் நீர் பிடிக்க இயலாத இடத்தில் மன்றம் ஒரு கணக்கை நம்பி விதி செய்தது. கணக்கு பிழைபடலாம் என்பதற்காக ஒன்றும் செய்யாதிருந்தால், சரியான விடையை ஏரியே தந்திருக்கும். அப்போது காலம் கடந்திருக்கும்.

ஏரி நீரை 2001ஆம் ஆண்டின் தரத்திற்கு மீட்க மன்றம் குறித்த ஆண்டு 2080. மண்ணுக்குள் மெல்ல நகரும் நீரின் வேகத்தை எண்ணியே அவ்வளவு நீண்ட தவணை விதிக்கப்பட்டது. திட்டம் முழுமையாக நடைமுறைக்கு வந்த 2011இல் அவ்வேரிக் கரையில் பிறந்த குழந்தைக்கு அப்போது 69 வயது ஆகியிருக்கும்.