நமுத்துப் போகாத மொறுமொறுப்பு

கேள்வி: சுக்கு, சோம்பு, ஏலக்காய் சேர்த்து வீட்டிலேயே இருமுறை சுடும் பிஸ்கட் செய்கிறேன். மறுநாளே நமுத்துவிடுகிறது. ஏன்? – வாசகி, மாமல்லபுரம்

பதில்: கடற்காற்றைத் திட்டுவதற்கு முன் இரண்டாவது சூட்டைக் கவனியுங்கள். டீக்கடை ரஸ்க்கும், இத்தாலியின் பிராட்டோ நகரத்து பிஸ்கோட்டியும் மொறுமொறுப்பாக இருப்பது அந்தச் சூட்டில்தான். முதல் சூடு வேகவைக்க. இரண்டாவது ஈரத்தை விரட்ட. மாவுக் கட்டையை 170 டிகிரியில் 25 முதல் 30 நிமிடம் சுட்டு, கால் மணி நேரம் ஆறவிட்டு, ரம்பப் பல் கத்தியால் ஒரு செ.மீ. கனத்தில் சாய்வாக வெட்டுங்கள். அவசரப்பட்டுச் சூட்டோடு வெட்டினால் உதிரும். பிறகு 140 டிகிரியில் பக்கத்துக்குப் பத்துப் பன்னிரண்டு நிமிடம். அடுப்பை அணைத்து, கதவைச் சற்றுத் திறந்து அதற்குள்ளேயே ஆறவிடுங்கள்.

வெல்லம் போட்டால் சீக்கிரம் நமுக்கும், அது ஈரத்தை இழுக்கும். உங்கள் ஊருக்குச் சர்க்கரைதான் சரி. ஐப்பசி, கார்த்திகை மழையில் பிளாஸ்டிக் கவரை நம்பாதீர்கள், இறுக மூடும் எவர்சில்வர் டப்பாவே மேல். நன்றாக ஆறிய பிறகே மூடுங்கள்.

நமுத்தவற்றை எறிய வேண்டாம். மறுபடி 140 டிகிரியில் பத்து நிமிடம் வைத்தெடுங்கள், போதும்.