பெருந்தொற்றுக் காலத்து அங்கன்வாடிக் கல்வி: பாட்டும் அசைவும்

2020 மார்ச்சில் தமிழ்நாட்டு அங்கன்வாடி மையங்கள் மூடப்பட்டபோது, பிள்ளைகள் அங்கு அன்றாடம் பெற்றுவந்த உணவு, கல்வி ஆகிய இரண்டனுள் முன்னதற்கே மாற்றுவழி எளிதிற் கிட்டியது. சமைத்த உணவுக்கு ஈடாக உலர்பொருள்கள் குடும்பங்களுக்கு அளிக்கப்பட்டன. முன்பருவக் கல்வியை அவ்வாறு அளந்து கொடுக்க இயலவில்லை. 'ஆடிப்பாடி விளையாடு பாப்பா' என்னும் பாடத்திட்டப் பெயரே அக்கல்வியின் இயல்பைச் சுட்டும். பாட்டு, அசைவு, உடனாடும் பிள்ளைகள் ஆகிய மூன்றும் கூடுமிடத்தேதான் அங்குப் பாடம் நிகழ்கிறது. கைப்பேசிவழி அனுப்பப்பெறும் பாட்டில் சொல்லும் மெட்டும் எஞ்சும். கைகோத்துச் சுற்றும் வட்டம் எஞ்சாது.

நாட்டார் வழக்காற்று ஆய்வுகளும் குழந்தைப் பாடல்களைப் பெரும்பாலும் பனுவல்களாகவே தொகுத்துள்ளன. பாடுங்கால் கை எங்குச் செல்கிறது, பிள்ளை எவ்விடத்தில் சிரிக்கிறது என்பன குறிக்கப்படுவது அரிது. பொதுமுடக்கத்தில் இது நடைமுறைச் சிக்கலாகிறது. சாய்ந்தாட்டும் பாட்டை அறிந்த பாட்டி வீட்டிலிருப்பின் பணியாளரின் வேலை பாதி முடிந்ததாகும். அத்தகையோர் இல்லாத வீட்டில் இளந்தாய்க்குச் சொற்களோடு உடலசைவையும் கற்பித்தாக வேண்டும். அதனைச் செய்யவேண்டிய பணியாளர் பலரோ வீடுவீடாகச் சென்று நோய்க் கணக்கெடுப்பதிலும் ஈடுபடுத்தப்பட்டனர். 2021 அக்டோபரில் தொடங்கப்பெற்ற 'இல்லம் தேடிக் கல்வி'த் திட்டமும் 1 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்கே உரியதாக இருந்தது. அங்கன்வாடிப் பருவத்தினர் அதன் எல்லைக்குள் வரவில்லை.