பழைய செல்லைக் கையில எடுத்துக்கிட்டு கடைக்குப் போ

நேத்து ராத்திரி நீ போன்ல, "அக்கா, அம்மைக்க பிரஷர் மிஷின் காத்து ஏறிக்கிட்டே இருந்து பாதியில நின்னுபோவுது, அம்மைக்கு என்னமோ ஆயிட்டுன்னு பயந்துட்டேன்"ன்னு அழாத குறையா சொன்ன. அம்மைக்குத் தலைச்சுத்தோ நெஞ்சுவலியோ இருந்தா மிஷினைப் பாத்துக்கிட்டு நிக்காதே, உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ. அப்படி ஒண்ணும் இல்லேன்னா முதல்ல நாலு செல்லையும் மாத்து. போன்ல சொன்னா பாதி மறந்துபோவும், அதான் எழுதுறேன். மருந்து டப்பாவுக்குள்ள மடிச்சு வச்சுக்க.

கைப்பட்டையில காத்தை ஏத்துறது மிஷினுக்குள்ள இருக்கிற ஒரு குட்டி மோட்டார். சுவர்க்கடிகாரம் கரண்டைச் சொட்டுச் சொட்டா எடுக்கும், இந்த மோட்டார் ஒரே இழுப்பா இழுக்கும். அதனால கடிகாரத்துக்குக் கொள்ளாம்னு இருக்கிற மலிவு செல் இதுக்கு ஆவாது. ரெண்டும் பாக்க ஒரே பென்சில் செல்தான். வித்தியாசம் செல் மேல பொடி எழுத்துல இருக்கு. ஆங்கிலத்துல 'ஆர் 6'ன்னு மட்டும் போட்டிருந்தா அது சாதா கார்பன் செல். 'எல்ஆர் 6'ன்னு முன்னால ஒரு 'எல்' இருந்தா ஆல்கலைன். நமக்கு வேண்டியது அந்த 'எல்'. ரிமோட்டுக்குப் போடுற ஒல்லி செல்லுக்கும் இதே கணக்குதான், அதுல 'எல்ஆர் 03'. 'ஹெவி டியூட்டி'ன்னு பெரிசா அச்சடிச்சிருக்கிறதைப் பாத்து ஏமாறாதே. அது பெரும்பாலும் கார்பன் செல்லுதான். எழுத்து கண்ணுக்குத் தெரியலேன்னா மொபைல்ல போட்டோ எடுத்துப் பெரிசாக்கிப் பாரு.

இது நான் பட்டுத் தெரிஞ்சுக்கிட்டது, கேட்டியா. ஒரு நாள் ராத்திரி 11 மணிக்கு மாமாவுக்குப் பிரஷர் பாக்க, மிஷின் மூணு தடவை 'எர்ரர்' காட்டிட்டு. அவருக்கு அந்தப் பயத்திலேயே வேர்த்துப்போச்சு. ஆட்டோ பிடிச்சு ஓடினோம். அங்க நர்ஸ் பாத்தா 130க்கு 80. வீட்டுக்கு வந்து பின்மூடியைக் கழட்டினேன். மூணு புதுசு, ஒண்ணு பழசு, நாலுலயும் 'எல்' இல்ல. கடைக்காரர் எடுத்துத் தந்ததை நான் திருப்பிக்கூடப் பாக்காம வாங்கியிருக்கேன். நாலுல ஒண்ணு தளர்ந்தாலும் நாலும் தளர்ந்த மாதிரிதான். மாத்தினா நாலையும் ஒண்ணா மாத்து, ஒரே கம்பெனி, ஒரே அட்டையிலேருந்து எடு. அட்டைக்குப் பின்னால காலாவதித் தேதியையும் பாரு.

சார்ஜ் போடுற செல்லைப் போட்டா லாபம்தானேன்னு உங்க வீட்டுக்காரர் கேட்டாராமே. ஆல்கலைன் 1.5 வோல்ட், சார்ஜ் போடுறது 1.2 வோல்ட். நாலு சேரும்போது 6 வோல்ட்டுக்குப் பதிலா 4.8. சில மிஷின் அதைத் தாங்கும், சிலது புதுசாச் சார்ஜ் போட்டுப் போட்டாலும் 'பேட்டரி தீர்ந்துட்டு'ன்னு காட்டும். மிஷினோட வந்த புஸ்தகத்துல போடலாம்னு எழுதியிருந்தா மட்டும் போடு. அடாப்டர் வாங்குறதுன்னாலும் அந்த மிஷினுக்குன்னு உள்ளதைக் கேட்டு வாங்கு. ஊசி ஓட்டையில நுழையுதுன்னு வேற எதையாவது சொருகிராதே.

சுகர் மிஷின்ல சிலதுக்கு ஒல்லி செல், சிலதுக்கு வட்டக் காசு மாதிரி ஒண்ணு. அந்தக் காசு செல் மேல 'சிஆர் 2032'ன்னு இருந்தா, 20 மில்லிமீட்டர் அகலம், 3.2 மில்லிமீட்டர் கனம்னு அர்த்தம். 2025ம் அதே அகலம்தான், கனம் 2.5 மட்டும். ரெண்டும் 3 வோல்ட். "ரெண்டும் ஒண்ணுதாம்மா"ன்னு கடையில சொல்லுவாங்க. ஒண்ணு இல்ல. கனம் குறைஞ்சா கம்பி சரியாத் தொடாது, பாதியில அணைஞ்சுபோவும். அதுக்காகவே சொல்லுறேன், பழைய செல்லைக் கையோட கொண்டு போ. இன்னொண்ணு, செல்லை மாத்தின பிறகு தேதியும் நேரமும் சரியா இருக்கான்னு பாரு. நிறைய மிஷின்ல அது அழிஞ்சுபோவும். டாக்டர் பழைய அளவைத் திருப்பிப் பாக்கும்போது, வெறும் வயித்துல எடுத்தது எது, சாப்பிட்ட பிறகு எடுத்தது எதுன்னு தெரியாமப் போயிரும்.

உன் சின்னவன் கையில அந்தக் காசு செல் கிட்டவே கூடாது பிள்ளே. முழுங்கி தொண்டைக்குக் கீழ மாட்டிக்கிட்டா 2 மணி நேரத்துக்குள்ள உணவுக்குழாயைப் பொசுக்கிரும். தீர்ந்துபோன செல்லுன்னாலும் பொசுக்குற அளவு கரண்டு பாக்கி இருக்கும். சந்தேகம் வந்தாலே போதும், வாந்தி எடுக்க வைக்காம, பழம் சோறு ஒண்ணும் கொடுக்காம, 108ஐக் கூப்பிடு, இல்லேன்னா நேரா ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிக்குப் போ. கழட்டின செல்லுக்கு ரெண்டு பக்கமும் செல்லோடேப் ஒட்டி, திருகு மூடி பாட்டில்ல போட்டுப் பரண்ல வை.

அப்பா காது மிஷின் செல்லு தனி ஜாதி. அது காத்தைக் குடிச்சு வேலை செய்யுறது. தட்டைப் பக்கத்துல ஊசி குத்தின மாதிரிப் பொடி ஓட்டை இருக்கும், அதை மூடி வால் வச்ச ஒரு ஸ்டிக்கர். ஸ்டிக்கரை உரிச்சதும் காத்து உள்ள போயி செல் முழிச்சுக்கிடும், மறுபடி ஒட்டினாலும் தூங்காது. அப்பா திண்ணையில உக்காந்து ஆறு செல்லுக்கும் ஒரே நேரத்துல ஸ்டிக்கரை உரிச்சுத் தட்டுல அடுக்கி வச்சிருந்தது ஞாபகம் இருக்கா? ஆறும் வீணாப்போச்சு. ஒரு நேரம் ஒண்ணு மட்டும் உரி. உரிச்சு ஓட்டை மேல பாக்க ரெண்டு மூணு நிமிஷம் மேசையில வச்சுட்டுப் போட்டா முழு பலத்தோட ஓடும். அளவை நிறத்தை வச்சே தெரிஞ்சுக்கலாம். 10 மஞ்சள், 312 பழுப்பு, 13 ஆரஞ்சு, 675 நீலம். அப்பாவுக்கு ஆரஞ்சு. ராத்திரி செல் கதவைத் திறந்து வச்சா கரண்டும் மிச்சம், ஈரமும் போவும். நமக்கு இடவப்பாதி மழையும் உண்டு, ஐப்பசி மழையும் உண்டு, காது மிஷின் எப்பவும் நசநசன்னுதான் இருக்கும். ஈரம் உறிஞ்சுற டப்பாவுல மிஷினை வை, ஆனா செல்லை வெளியே எடுத்துட்டு வை. அந்த டப்பா செல்லையும் சேத்து உலர்த்திரும்.

கடல் பக்கத்துக்காரங்களுக்கு ஒரு வேலை கூடுதல். குளச்சல்லயும் முட்டத்துலயும் உப்புக்காத்து பட்டு, மிஷினுக்குள்ள இருக்கிற ஸ்பிரிங் பச்சை பிடிச்சிரும். மாசம் ஒரு தடவை மூடியைத் திறந்து காய்ஞ்ச துணியால துடைக்கணும். வெள்ளைப் பொடி பூத்திருந்தா செல் கசிஞ்சிருக்குன்னு அர்த்தம். கையால தொடாம, காது குடையுற பஞ்சுக் குச்சியில ரெண்டு சொட்டு வினிகர் தொட்டுத் துடைச்சு, நல்லா உலரவிட்டுப் பிறகு புது செல் போடு. ஒரு மாசத்துக்கு மேல தொடாத மிஷின்லேருந்து செல்லை எடுத்து வச்சிரு.

இனி பெரிய விஷயத்துக்கு வாறேன். 2017 நவம்பர் 30, ஒக்கி புயல். போஸ்ட்டெல்லாம் சாய்ஞ்சு எத்தனை ஊர்ல எத்தனை நாள் இருட்டுல கிடந்தோம்னு உனக்குத் தெரியும். ஆவி பிடிக்கிற நெபுலைசர் வீட்டுல இருந்தும் பிளக் சொருக கரண்டு இல்லாம உக்காந்திருந்தவங்களை நான் பாத்தேன். ஆஸ்துமாக்காரங்க இருக்கிற வீட்டுல, செல்லுல ஓடுற சின்ன நெபுலைசரோ, ஸ்பேசரோட இன்ஹேலரோ கையில வச்சுக்கலாமான்னு டாக்டர்கிட்ட முன்கூட்டியே கேட்டு வச்சுக்கணும்.

பெரியப்பா வீட்டுல ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர் இருக்கு, இன்வெர்ட்டர் இருக்குன்னு தைரியமா இருக்காங்க. 5 லிட்டர் மிஷின் சுமார் 350 வாட் இழுக்கும். 12 வோல்ட் 150 ஆம்பியர் மணி பேட்டரின்னா காகிதக் கணக்குல 1800 வாட் மணி, அஞ்சு மணி நேரம் வரணும். இன்வெர்ட்டர்ல போற நஷ்டத்தையும், பேட்டரியை வேகமா உறிஞ்சுறதையும் கழிச்சா புது பேட்டரிக்கே மூணு மணி நேரத்துக்கு மேல நம்பக்கூடாது. அதுல பேன் ரெண்டு ஓடினா இன்னும் குறையும். 1500 லிட்டர் கொள்ளுற பி டைப் சிலிண்டர் ஒண்ணு நிறைச்சு வச்சா, நிமிஷத்துக்கு 2 லிட்டர் கணக்குல 12 மணி நேரம் வரும். பெரியம்மாகிட்ட இதை நீயும் ஒரு தடவை எடுத்துச் சொல்லு, நான் சொன்னா தள்ளிப்போடுறாங்க.

சளி உறிஞ்சுற மிஷின், கையில கொண்டுபோற ஆக்சிஜன் மிஷின், இதுக்கெல்லாம் உள்ள லித்தியம் பேக்கை மட்டும் அந்தக் கம்பெனி டீலர்கிட்டயே வாங்கணும். பேக் மேல உள்ள பார்ட் நம்பர், வோல்ட், வாட் மணி மூணும் ஒத்துப்போகணும். மொபைல் கடையில பேக்கைப் பிரிச்சு உள்ள வேற செல் வச்சுத் தாறேம்பாங்க. அதுல சூடு ஏறினா நிறுத்துற பாதுகாப்பு சர்க்யூட் ஒழுங்கா இருக்கும்னு யார் சொல்ல முடியும்? உப்பின பேக்கை ஒரு நாள்கூட வீட்டுல வைக்காதே. சார்ஜ் போடும்போது மெத்தையில வைக்காம வெறும் தரையில வை.

முதல்ல அம்மைக்க மிஷின் பின்மூடியைக் கழட்டி, செல்லுங்க எழுத்து தெரியுற மாதிரி ஒரு போட்டோ அனுப்பு. சனிக்கிழமை தக்கலைக்கு வரும்போது நான் வடசேரியில வாங்கிட்டு வாறேன், அப்பாவுக்கு ஆரஞ்சு ஸ்டிக்கர் ஒரு அட்டையும் சேத்து.