மங்கலான ஒளியைப் பிடிப்பது எப்படி?

நீர்த்த கந்தக அமிலத்தில் கரைத்த குயினைனைப் புற ஊதா விளக்கின் முன் பிடித்தால் நீலமாக மின்னும். இந்த ஒளிர்தலுக்கு 1852-ல் 'ஃபுளோரசென்ஸ்' என்று பெயர் வைத்தவர் ஸ்டோக்ஸ். கண்ணுக்குத் தெரியும்வரை பிரச்சினை இல்லை. கரைசலை நீர்க்கச் செய்துகொண்டே போனால்தான் வம்பு.

எங்கள் ப்ராஜெக்டில் நடந்த கூத்தைச் சொல்கிறேன். சிக்னல் குறையக் குறைய, ஒளியை மின்சாரமாக்கும் ஃபோட்டோமல்டிப்ளையர் குழாயின் வோல்டேஜைக் கூட்டினோம். மீட்டர் முள் ஏறியது, ஒரே குஷி! ரிப்போர்ட்கூட பாதி எழுதியாச்சு. கடைசி நேரத்தில் ஒருவன் குயினைன் கலக்காத வெறும் அமிலத்தை வைத்துப் பார்த்தான். முள் ஏறக்குறைய அதே இடத்தில்! நாங்கள் அளந்தது விளக்கின் சிதறல் ஒளியை.

குழாயைக் குறை சொல்லிப் பயனில்லை. ஓர் எலக்ட்ரானை ஒவ்வொரு டைனோடும் 4 ஆக்கினால், 10 டைனோடுகளில் அது 10,48,576 ஆகிவிடும். ஆனால் நமக்கு வேண்டிய ஒளி, வேண்டாத ஒளி என்ற பேதம் அதற்குக் கிடையாது. இருட்டில் தானாகக் கிளம்பும் எலக்ட்ரானையும் சேர்த்தே பெருக்கும். இன்னொன்று: 100 ஃபோட்டான் எண்ணினால் ஏற்ற இறக்கம் 10, அதாவது 10 சதவீதம். 10,000 எண்ணினால் 1 சதவீதம்தான். முன்னால் தவறவிட்டதைப் பின்னால் பெருக்கி மீட்க முடியாது.

ஆகவே முதலில் சேகரிப்பு. ஒளிர்வு எல்லாத் திசையிலும் பரவுகிறது. 50 மி.மீ. தள்ளி 25 மி.மீ. விட்டமுள்ள லென்ஸ் வைத்தால் சிக்குவது சுமார் 1.5 சதவீதம். விட்டத்தை 50 மி.மீ. ஆக்கினால் 5 சதவீதத்தைத் தாண்டும். எதிர்ப்பக்கம் ஒரு குழியாடியை, அதன் வளைவு மையம் கரைசலில் விழுகிற மாதிரி வைத்தால் ஏறத்தாழ இரட்டிப்பு. செலவும் குறைவு.

அடுத்து வடிகட்டல். லென்ஸ் விளக்குக் கதிருக்கு 90 டிகிரியில் இருக்கட்டும். பாதரச விளக்கிலிருந்து 365 நானோமீட்டரை மட்டும் விடும் ஃபில்டர் ஒன்று விளக்குப் பக்கம். குயினைன் ஒளிர்வது 450-ஐ ஒட்டி. எனவே 420-க்குக் கீழே உள்ளதைத் தடுக்கும் ஃபில்டர் இன்னொன்று குழாய்ப் பக்கம். கைரேகை, சோப்புப் படிவுகூட ஒளிரும், ஜாக்கிரதை! இதெல்லாம் செய்தபிறகு வெறும் அமிலத்துக்கு முள் அசையவே யோசித்தது. ரிப்போர்ட்டை முதலிலிருந்து எழுதினோம்.

ஒரு விஷயம். மூடியைத் திறக்குமுன் ஹை வோல்டேஜை அணைத்துவிடுங்கள். அறை வெளிச்சம் பட்டால் குழாய் காலி. எங்களுடைய முதல் குழாய் அப்படித்தான் போச்சு.