ஸ்டியரிங், சில்லு வேலை: நாங்களே செய்வதா, கராஜுக்குக் குடுப்பதா?



இந்த வாரம் காருக்குள் இருக்கும் சென்சார்களைப் பற்றிப் பேசினோம். அதோடு ஒட்டி வரும் ஒரு கேள்வியை இங்கே கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்: "யூடியூபில ஒருத்தர் பத்து நிமிசத்தில டை ராட் மாத்திக் காட்டுறார். கராஜில கனக்கக் காசு கேக்கினம். நான் ஏன் வீட்டிலயே செய்யக் கூடாது?"

வேலை கஷ்டமா, லேசா என்று யோசித்தால் இதற்குப் பதில் வராது. கேட்க வேண்டியது வேற: பூட்டி முடித்த பிறகு, அது சரியாகப் பூட்டப்பட்டிருக்கு என்று உங்களால் அளந்து பார்க்க முடியுமா? டெஸ்ட் பண்ணாத மென்பொருளை நாங்கள் வெளியில விட மாட்டோம். காரில் அந்த டெஸ்ட் நடக்கப்போற இடம் 401 நெடுஞ்சாலை, 100 கிலோமீட்டர் வேகத்தில். அதனால் அளக்க முடிந்ததை வீட்டில் செய்யுங்கள், முடியாததைக் குடுத்துச் செய்யுங்கள்.

1. பிழையைக் கண்டுபிடிப்பது உங்கள் வேலை

யார் திருத்தினாலும், பிழை எங்கே என்று முதலில் நீங்கள் பார்ப்பது நல்லது. சமதரையில் நிறுத்தி, பின் சில்லுகளுக்குக் கட்டை வைத்து, முன்பக்கத்தை ஜாக்கில் தூக்கி, ஜாக் ஸ்டாண்டில் இறக்குங்கள். வெறும் ஜாக்கை நம்பிக் காருக்குக் கீழே போகவே கூடாது.

சில்லை மணிக்கூடு மாதிரி நினைத்துப் பிடித்து ஆட்டுங்கள்.

- 9 மணி, 3 மணி பக்கம் மட்டும் ஆடினால்: பெரும்பாலும் டை ராட்.
- 12 மணி, 6 மணி பக்கம் மட்டும் ஆடினால்: பெரும்பாலும் பால் ஜாயின்ட்.
- எல்லாப் பக்கமும் ஆடினால்: சில்லு பெயரிங்கைச் சந்தேகப்படுங்கள்.

ஓடும்போது வேகத்தோடு கூடும் ஒரு இரைச்சல் வந்தால் அதுவும் பெயரிங்காக இருக்கலாம். இடப்பக்கம் வளையும்போது பாரம் வலப்பக்கச் சில்லுக்குப் போகும். அப்போது இரைச்சல் கூடினால் வலப்பக்கத்தைப் பாருங்கள். கார் ஒரு பக்கம் இழுத்தால், வேறு எதையும் தொடமுதல் டயர் காற்றை அளவுங்கள்.

2. வீட்டில் செய்யக் கூடியது

பனிக்கால டயர் மாற்றுவது நல்ல உதாரணம். கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை இது சட்டப்படி கட்டாயம். மற்ற மாகாணங்களிலும் கனபேர் மாற்றுகிறார்கள். ரிம்மோடு இருக்கும் டயர் என்றால் வீட்டிலேயே மாற்றலாம். காரணம், முடிவை அளக்க ஒரு கருவி இருக்கு: டார்க் ரெஞ்ச்.

சாதாரணக் கார்களுக்குச் சில்லு நட்டு இறுக்கம் பெரும்பாலும் 100 முதல் 140 நியூட்டன் மீட்டருக்குள் வரும். உங்கள் காரின் சரியான எண் அதன் கையேட்டில் இருக்கும். நட்டுகளை நட்சத்திர வடிவில், எதிரெதிராக இறுக்குங்கள். அதுக்கு முதல், உப்பால் வந்த துருவைக் கம்பித் தூரிகையால் சுரண்டுங்கள். ரிம்முக்கும் ஹப்புக்கும் நடுவில் துரு இருந்தால், அது நசுங்கின பிறகு நட்டு தளரும். 100 கிலோமீட்டர் ஓடின பிறகு திரும்பவும் ஒருக்கா டார்க் ரெஞ்சால் பாருங்கள்.

3. கராஜுக்கே போக வேண்டியது

- அழுத்திப் பூட்டும் பெயரிங்: இதுக்கு ஹைட்ராலிக் பிரெஸ் வேணும். பல பெயரிங்குகளில் ஏபிஎஸ் சென்சாருக்கான காந்த வளையம் ஒரு பக்கத்தில்தான் இருக்கும். மாறிப் பூட்டினால் சென்சார் வேகத்தை வாசிக்காது. போல்ட்டில் பூட்டும் முழு ஹப் என்றால், அனுபவமும் கருவியும் உள்ளவர்கள் வீட்டில் செய்யலாம்.
- ஸ்ட்ரட் சுருள்: அமுக்கி வைத்த ஸ்பிரிங் நழுவினால் ஆளைக் கொல்லும்.
- ஸ்டியரிங் வளையம்: அதுக்குள்ளே ஏர்பேக் இருக்கு. கை வைக்காதீர்கள்.

4. நடுவில் நிற்கும் டை ராட்

வெளிப்பக்க டை ராட் முனையைக் கழற்றிப் பூட்டுவது உண்மையில் பெரிய வேலை இல்லை. பழையதைக் கழற்றும்போது எத்தனை சுற்று என்று எண்ணி, புதியதை அதே அளவு திருகச் சொல்லி வீடியோவில் காட்டுவார்கள். ஆனால் புதிய முனையின் நீளம் பழையதோடு அப்படியே ஒத்து வரும் என்றில்லை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். மரை ஒரு சுற்றுக்கு 1.5 மில்லிமீட்டர், ஸ்டியரிங் கை 150 மில்லிமீட்டர் என்று வைத்தால், ஒரு சுற்று பிழைத்தாலே சில்லு ஏறத்தாழ அரைப் பாகை திரும்பி நிற்கும். இந்தக் கோணத்தில் அனுமதிக்கப்படும் விலகல் பொதுவாக அதைவிடக் குறைவு. டயர் ஒரு ஓரமாகத் தேயும். கண்ணால் இதைப் பிடிக்க ஏலாது. வீல் அலைன்மென்ட் இயந்திரம்தான் வேணும்.

இங்கேதான் நாங்கள் பேசின சென்சார் வருகிறது. அலைன்மென்ட் செய்த பிறகு பல கார்களில் ஸ்டியரிங் கோண சென்சாரைப் பூச்சியத்துக்கு அமைக்க வேணும். ஓடுபாதை பார்க்கும் கேமரா உள்ள சில கார்களில் அதையும் திரும்ப அமைக்கச் சொல்லி உற்பத்தியாளரே சொல்வார்.

ஆக, நீங்கள் மிச்சம் பிடிப்பது கழற்றிப் பூட்டும் கூலி மட்டும்தான். அலைன்மென்ட் காசு எப்படியும் போகும். "பாகம், கூலி, அலைன்மென்ட் மூண்டும் சேர்த்து எவ்வளவு?" என்று இரண்டு கராஜில் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

5. கராஜில் ஏமாறாமல் இருக்க

ஒன்ராறியோவில் இந்த வேலை செய்பவருக்கு அதற்குரிய தொழில் தகுதி வேணும். எழுத்தில் மதிப்பீடு கேளுங்கள். அதைவிட 10 சதவீதத்துக்கு மேல் கூட்டி வாங்க முடியாது. கழற்றின பழைய பாகத்தைக் கேட்டு வாங்கலாம். புதிய பாகத்துக்கும் கூலிக்கும் 90 நாள் அல்லது 5,000 கிலோமீட்டர், எது முதலில் வருதோ, அதுவரை உத்தரவாதம் உண்டு. அலைன்மென்ட் என்றால் முன், பின் அளவுகள் உள்ள தாளையும் கேளுங்கள். அதுதான் உங்கள் டெஸ்ட் ரிப்போர்ட்.

இந்த வார வீட்டுப்பாடம்: கையேட்டை எடுத்து, உங்கள் காரின் சில்லு நட்டு இறுக்க எண்ணைப் போனில் குறித்து வையுங்கள். அடுத்த முறை யார் சில்லைப் பூட்டினாலும், அந்த எண்ணைச் சொல்லி, டார்க் ரெஞ்சால் இறுக்கினார்களா என்று கேளுங்கள்.

அடுத்த வாரம் சந்திப்போம்.