மலைத்தோட்டத்தில் இலைக் கதிர்குருவியை இனங்காண்பது எப்படி?

காப்பி பயிரிடும் மலைத்தோட்ட உழவர்களே! நிழல் மரங்களின் உச்சியிலிருந்து திரும்பத் திரும்ப ஒலிக்கும் குரலைக் கேட்டிருப்பீர்கள். கூலி கேளாமல் பூச்சி பொறுக்கும் இலைக் கதிர்குருவியின் குரல் அது. இமயமலைக் காடுகளில் கூடு கட்டும் இப்பறவை, குளிர்காலத்தில் மேற்குத் தொடர்ச்சி மலைக்கு வந்து ஏப்ரல் வரை தங்குகிறது.

தோற்றம்: சிட்டுக்குருவியைவிடச் சிறியது. முதுகு பாசிப்பச்சை, வயிறு மங்கிய வெண்மை, கண்ணுக்கு மேல் நீண்ட வெளிர் புருவக்கோடு.

இரு வகைகள்: பெரிய அலகு இலைக் கதிர்குருவிக்கு அலகு தடித்துக் கருமையாக இருக்கும். பச்சைக் கதிர்குருவி அதைவிடச் சிறியது. கீழ் அலகு வெளிர் நிறம். இறக்கையிலுள்ள வெளிர் பட்டை தேய்ந்து மறையக்கூடும். அதை மட்டும் நம்ப வேண்டாம். குரலே உறுதியான அடையாளம். முன்னது ‘டிர்ர்–டீ’ என இரண்டாக ஒலிக்கும், பின்சுரம் உயர்ந்திருக்கும். மற்றது ‘ட்சிலீ’ எனச் சேர்ந்து ஒலிக்கும்.

காணும் முறை: காலையில் குரல் வரும் மரத்தடியில் அசையாமல் நில்லுங்கள். காற்றின்றி இலை ஆடும் இடத்தைக் கவனியுங்கள். இன்று தவறினால் நாளை அங்கேயே பாருங்கள். ஒவ்வொரு குருவியும் தனக்கென ஓர் எல்லை வகுத்துக் காக்கும். மறு ஆண்டும் அதே இடத்துக்கு வருவதுண்டு.

கவனிக்க: இலைப்புழு, சிறுபூச்சி, சிலந்திகளே இதன் இரை. ஆகவே, நிழல் மரங்கள் அனைத்தையும் ஒருசேர மொட்டையடிக்காதீர்கள். தேவையின்றிப் பூச்சிமருந்து தெளிக்காதீர்கள். இமயத்திலிருந்து வரும் விருந்தாளிக்கு உங்கள் மரத்தில் இரை இருக்கட்டும்.