விளையாட்டுப் பொறியின் தலைமைப் பயன்

சோழவந்தான் வெற்றிலைக் கொடிக்கால்களைக் கண்டோர், ஆங்கு வரிசையாய் நிற்கும் அகத்தியையும் கண்டிருப்பர். அதன் கீரை நமக்கு உணவாகும்; தழை ஆடுமாடுகட்கு இரையாகும். எனினும், உழவர் அதனை நட்டது கொடி படர்தற்பொருட்டேயாம். கொடியில்லையேல் அகத்தியை அத்துணை நெருக்கமாய் எவரும் நடார். ஒரு பொருட்குப் பயன் பலவாயினும், எதனை நீக்கின் அப்பொருளை எவரும் வேண்டாரோ அதுவே தலைமைப் பயன் என்பது இதனாற் பெறப்படும்.

இவ்வளவுகோல் கொண்டு, இல்லங்களிற் புகுந்துள்ள கன்ஸோல் என்னும் விளையாட்டுப் பொறியை ஆராய்வாம். அஃது ஆடுதற்கு அமைந்ததோ? படமும் பாட்டும் நுகர்தற்கு அமைந்ததோ?

1972-இல் அமெரிக்காவில் வெளிவந்த மாக்னவாக்ஸ் ஒடிஸி ஆடுதற்கே பயன்பட்டது. 1983-இல் ஜப்பானில் தோன்றிய நின்டெண்டோ ஃபேமிலி கம்ப்யூட்டரும் அத்தகையதே. அதனைப் பார்த்துச் செய்த பொறிகளையே நம் நாட்டுச் சிறுவர் 'வீடியோ கேம்' எனப் பெயரிட்டு, கேஸட் செருகி ஆடினர்.

2000-இல் வந்த பிளேஸ்டேஷன் 2 டி.வி.டி. படங்களையும் காட்டிற்று. டி.வி.டி. கருவி விலையுயர்ந்திருந்த அந்நாளில், ஒரு விலைக்கு இரு பொருள் எனப் பலர் அதனை விரும்பினர். 15 கோடிக்கு மேல் விற்ற அப்பொறியே மறுதலைக் கட்சியார்க்குச் சிறந்த சான்றாம்.

ஆயின், 2006-இல் நிகழ்ந்தது நோக்கத்தக்கது. பிளேஸ்டேஷன் 3 புளூ-ரே படங்களையும் காட்டிற்று. நின்டெண்டோவின் வீ டி.வி.டி. படமும் காட்டாது. எனினும் வீ 10 கோடிக்கு மேல் விற்றது. மற்றையது அவ்வளவை எட்டவில்லை. வீயின் குறைந்த விலையும் ஒரு காரணமே. ஆயினும், படமின்மை வாங்குவோரைத் தடுத்திலது. 2013-இல் எக்ஸ்பாக்ஸ் ஒன் தொலைக்காட்சியைச் சிறப்பித்து அறிமுகமாயிற்று. ஆடுவோர் அதனைக் குறைகூறினர். பிளேஸ்டேஷன் 4 அதனை விஞ்சிற்று. மேலும், இப்பொறிகளைச் செய்வோர் பலகால் சிற்றூதியத்திற்கோ நட்டத்திற்கோ விற்று, ஆட்டங்களின் விற்பனையிற் பெறும் பங்கினால் அதனை ஈடுசெய்கின்றனர். ஆகவே கொடி ஆட்டமே; படம் கீரையே.

இவ்வாராய்ச்சியாற் பயன் யாதெனின், கூறுதும். படங் காண்டற்குக் கைப்பேசியே போதும். கொடிக்காலிற் கூலி செய்து மகனைக் கல்லூரிக்கு விடுக்கும் தாய்க்குப் புதுப்பொறியின் விலை பல திங்களூதியமாம். 'படமும் பாடமும் காணவே' எனச் சொல்லி அப்பொருளைப் பெறும் மாணாக்கன் அவளை ஏமாற்றுவதோடு தன்னையும் ஏமாற்றிக்கொள்கின்றான். கீரைக்கென்று சொல்லிக் கொடிக்கால் வைப்பாரில்லை.

விளையாட்டு இழிவன்று. அலங்காநல்லூர் மஞ்சுவிரட்டை விளையாட்டென்றே கூறிப் பெருமை கொள்ளும் நாட்டினர் நாம். ஆதலின், மாணவ நண்பர்காள்! வாங்கின் விளையாட்டென்றே சொல்லி வாங்குமின். அதற்குரிய பொழுதையும் பொருளையும் முன்னரே வரையறுத்துக்கொண்மின்.